ஏசிஎல் ஆபரேஷன்: சாயங்காலமே வீட்டுக்கு அனுப்புவார்களாம், சரிப்படுமா?

வலங்கைமான்வாசி:
தம்பிக்கு 22 வயசு, கபடியில் வலது முழங்கால் ஏசிஎல் (மூட்டுக்குள்ளே எலும்புகளைப் பிடிச்சு வைக்கிற தசைநார்) முழுசா அறுந்திருக்கு. தஞ்சாவூரில் காலையில் சேர்த்து சாயங்காலமே அனுப்பிடுவாங்களாம். எங்களுக்குக் கிராமத்து வீடு, வாசலில் நாலு படி, தரையோடு இருக்கும் கக்கூஸ். ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா?

குடந்தை பிசியோ:
பயப்பட வேண்டியது ஆபரேஷனுக்கு இல்லை, முதல் ராத்திரிக்கு. வலி தெரியாமல் இருக்க எந்த பிளாக் (நரம்பை மரக்கச் செய்யும் ஊசி) போடுகிறார்கள் என்று கேளுங்கள். அடக்டர் கெனால் பிளாக் என்றால் தொடைக்கு ஓரளவு பலம் இருக்கும். ஃபெமரல் பிளாக் என்றால் தொடை தொளதொளத்துவிடும்; படியில் விழுவது அப்போதுதான். எதுவானாலும் மரப்பு விட்டதும், அநேகமாக நடுராத்திரிக்கு மேல், வலி ஒரேயடியாக ஏறும். வலி வந்தபின் மாத்திரை தேடாதீர்கள், எழுதிக் கொடுத்த நேரத்துக்குப் போடுங்கள்.

முட்டிக்கு அடியில் தலையணை கூடவே கூடாது! சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கால் நீட்ட வராமல் போய்விடும். குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

தியேட்டர் நர்ஸ், மன்னார்குடி:
முதுகில் ஊசி போட்டால் மூத்திரப்பையும் மரத்துப்போகும். சிறுநீர் போகாமல் கிளம்பாதீங்க. பஸ் வேண்டாம், காரில் பின்சீட்டில் காலை நீட்டி உட்காரட்டும். கிரட்ச் (ஊன்றுகோல்) பழக்கம் ஆபரேஷனுக்கு முன்னாடியே வேணும்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். ஓட்டை வைத்த கமோடு நாற்காலி முன்கூட்டியே வாங்கிடுங்க, குந்தவே முடியாது.

கட்டுத்துணியில் லேசா ரத்தக்கறை சகஜம். கட்டு நனைஞ்சு சொட்டினாலோ, கெண்டைக்கால் வீங்கி வலிச்சாலோ உடனே போன் பண்ணுங்க. மூச்சு வாங்கினா போன் வேண்டாம், 108.

உள்ளே பார்த்து மெனிஸ்கஸும் (மூட்டுக்குள்ளே மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு) தைத்தால் காலை ஊன்றுவது, மடக்குவது எல்லாமே மாறும். கிளம்பும்முன் கேட்டுக்குங்க.

திருவாரூர் டிபிஏ (இன்சூரன்ஸ் க்ளைம் பார்ப்பவர்):
24 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தாலும் 'டே கேர்' கணக்கில் இன்சூரன்ஸ் வரும். ஓபி (வெளிநோயாளி) பில்லாகப் போட்டால் வராது. முன் அனுமதி வாங்கிடுங்கள்.

வலங்கைமான்வாசி:
நன்றி அண்ணா, அக்கா. கமோடு நாற்காலி நினைப்பிலேயே இல்லை. பொங்கலுக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு, ஆட்டத்தில் இறங்கலாமா?

குடந்தை பிசியோ:
வேண்டாம் தம்பி. குறைந்தது 9 மாதம், அதுவும் இரண்டு தொடையும் சமபலம் வந்த பிறகு. ஆபரேஷனில் புதிதாக வைத்த தசைநார் 6 முதல் 12 வாரத்தில்தான் ரொம்ப பலவீனமாக இருக்கும். வலி போய் பையன் துள்ளுவதும் அதே சமயத்தில்தான். வரப்பில் ஓடவிடாதீர்கள்.