நீலாங்கரைக் கடற்கரை விளக்குகள்: பங்குனி ஆமைகளுக்காக ஓர் உதவி

அனைவருக்கும் வணக்கம். நான் சென்னை நீலாங்கரையில் கடற்கரையை ஒட்டிய தெருவில் குடியிருக்கிறேன். எங்கள் தெருமுனைக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில் பொருத்தியுள்ள மூன்று வெள்ளை ஃபிளட் லைட்டுகள் விடியும்வரை மணலை நோக்கியே எரிகின்றன.

ஆண்டின் முதல் சில மாதங்களில் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி எனப்படும் கடலாமைகள்) முட்டையிட இக்கரைக்கு வருகின்றன. ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டைகள் இருக்கும். சுமார் 45 முதல் 55 நாட்களில் வெளிவரும் குஞ்சுகள், இரவில் கடலின்மேல் தெரியும் மெல்லிய வெளிச்சத்தை நோக்கி நகரும் இயல்புடையவை என்பதால், கரையில் அதைவிடப் பிரகாசமான விளக்கு எரிந்தால் திசைமாறிச் சாலைப் பக்கம் ஊர்ந்து, நாய்களுக்கும் காகங்களுக்கும் இரையாகின்றன. எஞ்சியவை வெயிலில் வறண்டு மடிகின்றன. மாணவர்களும் தன்னார்வலர்களும் 1988 முதல் இரவுதோறும் இக்கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காத்துவருகிறார்கள். ஆயினும் அவர்கள் கண்ணில் படாத குழிகளும் உண்டு. என் கவலையெல்லாம் அவற்றைப் பற்றியதே.

கட்டட நிர்வாகத்திடம் இருமுறை பேசினேன். திருட்டுப் பயத்தால்தான் விளக்குப் போடுகிறோம் என்றார்கள். அந்த அச்சம் நியாயமானது; அதனால் இதைச் சண்டையாக்க எனக்கு விருப்பமில்லை.

விளக்குகளைக் கீழ்நோக்கித் திருப்பியோ, மறைப்புத் தகடு பொருத்தியோ, மங்கலான மஞ்சள் விளக்குக்கு மாற்றியோ அனுபவமுள்ள கடலோரக் குடியிருப்பாளர்கள், அதற்கு ஆன செலவையும் அண்டை வீட்டாரைச் சம்மதிக்கவைத்த விதத்தையும் தெரிவிக்க வேண்டுகிறேன். வனத்துறைக்கோ மாநகராட்சிக்கோ இதுகுறித்து மனு எழுதியவர்கள் அதன் நகலைப் பகிர்ந்தால், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைச் சரியாகச் சுட்டி எங்கள் மனுவை எழுத உதவியாக இருக்கும்.