வரைபடத்தைப் பார்த்து அசமன்பாடு எழுதுவது: குறி மட்டும் இடிக்கிறது

கேள்வி: விட்டுவிட்டு வரைந்த கோடு, (0, −4), (2, 0) வழியாகப் போகிறது. ஆதிப்புள்ளி (0, 0) இருக்கும் பக்கம் நிழலிட்டிருக்கிறது. நான் ஒய் > 2எக்ஸ் − 4 என்று எழுதினேன், ஆனால் விடையில் 2எக்ஸ் − ஒய் < 4 என்று இருக்கிறது. குறியே தலைகீழாக இருக்கிறதே, எங்கே தப்பு?

பதில் 1: தப்பே இல்லை, இரண்டும் ஒன்றுதான். 2எக்ஸை அந்தப் பக்கம் கொண்டுபோனால் −ஒய் < 4 − 2எக்ஸ், அப்புறம் −1 ஆல் பெருக்கும்போது குறி திரும்பும், அவ்வளவுதான். எல்லாரும் ஒருமுறையாவது சறுக்கும் இடம் இது.

பதில் 2: சந்தேகம் வந்தால் (0, 0) போட்டுப் பாருங்கள். உங்களுடையதில் 0 > −4, விடையில் 0 < 4, இரண்டும் சரி. கோடே ஆதிப்புள்ளி வழியாகப் போனால் மட்டும் இது உதவாது, கோட்டில் இல்லாத வேறு புள்ளி எடுக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்: ஓ சரி! கோட்டுக்கு மேலே நிழல் இருந்தால் > என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், அதனால்தான் குழம்பிவிட்டேன்.

பதில் 1: ஒய் இடப்பக்கம் தனியாக, முன்னால் கழித்தல் குறி இல்லாமல் இருந்தால்தான் அது செல்லும். செங்குத்துக் கோட்டுக்கு மேல், கீழ் என்பதே கிடையாது, வலமா இடமா என்றுதான் பார்க்க வேண்டும்.

பதில் 3: முழுக்கோடாக இருந்திருந்தால் உங்களுடையதில் ≥, விடையில் ≤ வரும், கோட்டிலேயே இருக்கும் புள்ளிகளும் தீர்வில் சேரும். அதையும் கவனியுங்கள், நான் பாதி மதிப்பெண் இழந்தது அதில்தான்.