எஞ்சின் ஓடினால் மட்டும் எரிந்த சிவப்பு விளக்கு

முன்னாள் பவர்டிரெயின்:
மாணவர் ரேஸ் காரில் ஹைப்ரிட் செய்தவர்கள் பட்ட பாட்டை எழுதச் சொல்லியிருந்தீர்கள். சரி, நானே ஆரம்பிக்கிறேன்.

எங்களுடையது பேரலல் அமைப்பு, அதாவது எஞ்சினும் மோட்டாரும் இரண்டுமே சக்கரத்தைச் சுற்றும். 250 சிசி ஒற்றை சிலிண்டர் பைக் எஞ்சின். இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குத் தனிச் செயின் போட்டு ஒரு மோட்டார். கீழ் ஆர்பிஎம்மில் எஞ்சின் திணறும்போது மோட்டார் கை கொடுக்கும், கியர் மாற்றும் நேரத்திலும் சக்கரத்துக்கு டார்க் நிற்காது. பேப்பரில் ரொம்ப அழகு.

மோட்டாரில் மட்டும் ஓட்டினால் ஒரு தொந்தரவும் இல்லை. எஞ்சினைக் கிளப்பிச் சில நிமிடங்களில் இன்சுலேஷனைக் கண்காணிக்கும் ஐஎம்டி சிவப்பு காட்டும், பேட்டரியைத் துண்டிக்கும் கான்டாக்டர் ‘டக்’கென்று விழும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இன்சுலேஷனை அளக்கும் மெக்கரை வைத்தால் எல்லாம் பிரமாதம்! ஐஎம்டியை மாற்றினோம். இக்னிஷன் காயில் நாய்ஸ் என்று சொல்லி வயரிங்கைப் பிரித்துக் கட்டினோம். மூன்று ராத்திரி போனது.

கடைசியில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு எஞ்சினை மட்டும் ஓடவிட்டு, ஒருவன் டார்ச்சோடு தரையில் படுத்தான். ஐடிலில் உயர் மின்னழுத்த ஆரஞ்சு கேபிள் நடுங்கி, அறுத்தபின் ராவாமல் விட்ட பிராக்கெட் முனையில் போய் உரசிக்கொண்டிருந்தது. தோல் நகக்கண் அளவு தேய்ந்து உள்ளே செம்பு மினுங்கியது. எஞ்சின் நின்றதும் கேபிள் நூலிழை விலகி நின்றுகொள்ளும், மெக்கருக்கு எப்படிச் சிக்கும்? முனையை ராவி, கேபிளை மாற்றி, கிளாம்ப்பைத் தள்ளிப் போட்டோம். எலக்ட்ரிக் டீமுக்கு அந்த அதிர்வு கிடையாது, பெட்ரோல் டீமுக்கு அந்தக் கேபிள் கிடையாது. எங்களுக்கு இரண்டும் வாய்த்தன.

டேட்டா லாகர்:
நாங்கள் ரீஜென் கணக்கிலேயே கோட்டை விட்டோம். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி பேட்டரியை நிரப்புவதுதான் ரீஜென். டிரைவரோடு 270 கிலோ. 60 கிமீ வேகத்திலிருந்து அடியோடு நிறுத்தினாலும் கையில் இருப்பது சுமார் 37 கிலோஜூல், அதாவது 10 வாட்-அவர். அதிலும் எந்த வளைவில் கார் அடியோடு நிற்கிறது? மோட்டார் வேறு பின் சக்கரத்தில். பிரேக் அடித்தால் எடை முன்னால் சாய்ந்துவிடும். ரீஜெனைக் கொஞ்சம் கூட்டினாலே பின்பக்கம் வழுக்கும். இதையெல்லாம் யோசிப்பதற்கு முன்பே பெரிய பேட்டரி பேக் வாங்கியாகிவிட்டது. ரீஜென் நிரப்பிவிடும் என்று நம்பி வாங்கியது. ஓட்டத்தின் அளவுகளைப் பதியும் லாகரைத் திறந்து பார்த்தால், திரும்பி வந்தது சில்லறைதான். பேக்கின் எடையைத்தான் ஒவ்வொரு வளைவிலும் சுமந்தோம்.

செயின் லூஸ்:
எங்கள் மோட்டாரும் டிஃபரன்ஷியலோடு நிரந்தரமாகக் கட்டியதுதான். சார்ஜ் தீர்ந்த பிறகு எஞ்சின் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடியது. ஒரு திசையில் மட்டும் விசையைக் கடத்தும் ஒன்வே கிளச் போடலாம் என்றான் ஒருவன். போட்டால் இழுவை போகும், ரீஜெனும் போகும். இதில் அரை நாள் சண்டை.

முன்னாள் பவர்டிரெயின்:
அப்புறம் என்ன செய்தீர்கள்?

செயின் லூஸ்:
போடவில்லை. எண்டூரன்ஸ் என்ற நீண்ட ஓட்டத்தின் 22 கிமீயில் பாதிக்கு மேல் மோட்டாரை இழுத்துக்கொண்டேதான் முடித்தோம்.