ஈமு எண்ட பேர் எங்கிருந்து வந்தது? (கண்காட்சிப் பலகைக்கு)

பாடுமீன்:
கல்லடியில பாடசாலைக் கண்காட்சி. பறக்காத பெரிய பறவைகளுக்குப் பலகை எழுதவேணும். பிள்ளைகள் எழுதித் தந்தது இது: "ஈமு, ஆஸ்திரேலியப் பழங்குடிச் சொல். தமிழில் நெருப்புக்கோழி." சரிதானே? முட்டை மாதிரி ஒண்டும் செய்யப்போறம். என்ன அளவு, என்ன நிறம்?

வாவிக்கரை:
இரண்டு வசனமும் பிழை. சிட்னிப் பக்கத்துப் பழங்குடிகள் அந்தப் பறவையைச் சொன்னது முரவுங், பிரபாயின் எண்டு. ஈமு என்பது போர்த்துக்கீசரின் 'எமா'. மட்டக்களப்பில 1628இல் கோட்டை கட்டின அதே ஆக்கள்தான். சப்பாத்து, அலவாங்கு, வாங்கு எல்லாம் எங்கட வீட்டுக்குள்ள விட்டுட்டுப் போனவங்கள், இந்தச் சொல்லை மட்டும் வேறெங்கேயோ கொண்டுபோய்ச் சேர்த்திட்டாங்கள்.

சேர்ந்த வழி கொஞ்சம் கோணல். நீண்ட காலும் கழுத்தும் உள்ள பெரிய பறவைக்கெல்லாம் எமா எண்டு சொல்லியிருக்கினம். 1597இல் ஒல்லாந்தக் கப்பல் ஜாவாவில இருந்து அம்ஸ்டர்டாமுக்கு உயிரோட ஒரு கசோவரி (நியூகினிப் பக்கத்துப் பறக்காத பெரிய பறவை) கொண்டு போனது. அதுக்குப் பிறகு ஐரோப்பிய நூல்களில கசோவரிக்கே ஈமு எண்டு பேர். 1788இல் சிட்னியில குடியேறின ஆங்கிலேயர் அங்க கண்ட பறவையையும் அதே இனம் எண்டு நினைச்சினம். 1790இல் ஆங்கிலேயப் பறவையியலாளர் ஜோன் லேதம் அதுக்கு வைச்ச விலங்கியல் பேரே 'நியூ ஹாலந்துக் கசோவரி'; நியூ ஹாலந்து எண்டது ஆஸ்திரேலியாவின்ர பழைய பேர். கடைசியில கசோவரிக்கு மலாய்ப் பேர் நிலைச்சது, ஈமு ஆஸ்திரேலியப் பறவைக்குப் போயிற்று.

பிரேசில்காரர் இப்பவும் எமா எண்டு சொல்லுறது ரியாவை, தென்னமெரிக்காவின்ர பறக்காத பெரிய பறவையை. அங்கத்தைய நூலைப் பார்த்து ஈமு எண்டு எழுதினா கண்டமே மாறிடும்.

அக்கரைப்பற்று நானா:
அரபியில தீக்கோழிக்கு 'நஆமா'. எமா அதில இருந்து பிறந்தது எண்டு ஒரு கருத்து இருக்கு தம்பி, முடிவான விஷயமில்லை. பலகையில போர்த்துக்கீசத்தோட நிப்பாட்டுங்க.

நெருப்புக்கோழி, தீக்கோழி ரெண்டும் ஆபிரிக்கப் பறவைக்கு மட்டும். தணலையும் இரும்பையும் விழுங்கும் எண்டு பழைய நம்பிக்கை. உண்மையில விழுங்குறது கல்லு, இரைப்பையில தீனியை அரைக்க. பாரசீகத்தில அது 'சுதுர்முர்க்', ஒட்டகப் பறவை. சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 1758இல் வைச்ச விலங்கியல் பேரிலயும் ஒட்டகம் நிக்குது.

படம் மாறிச்சா எண்டு பாக்க விரலை எண்ணுங்க. தீக்கோழிக்கு ரெண்டு, ஈமுவுக்கும் கசோவரிக்கும் மூணு. தலையில கொண்டை மாதிரி கட்டியான தொப்பி இருந்தா கசோவரி.

பாடுமீன்:
நன்றி நானா. அப்ப இப்பிடி: "ஈமு: போர்த்துக்கீச 'எமா'வில் இருந்து வந்த பெயர். முதலில் கசோவரியைக் குறித்தது." முட்டை?

வாவிக்கரை:
நல்லா இருக்கு. முட்டை நீளம் 13 சென்ரிமீற்றர், அகலம் 9. கரும்பச்சை. பலூனில கடதாசி ஒட்டிச் செய்தா முடிச்சுப் பக்கம் கூர்ந்து பேரிக்காய் மாதிரி வரும். அதால ஊதிப்போட்டு முடிச்சுப் பக்கத்தை உள்ளுக்கு அமத்தி ஒட்டுநாடா போடுங்கோ. கடதாசி நாலு படை, ஒவ்வொரு படையும் காய்ஞ்ச பிறகு அடுத்தது. ஈரத்தோட அடுக்கினா உள்ளுக்குப் பூஞ்சணம் பிடிக்கும்.

பச்சைப் பெயின்ற்றை அப்பிடியே பூசினா பிளாஸ்ரிக் மாதிரி மினுங்கும். உண்மையான ஓடு சொரசொரப்பு, வெளிர் நீலப்பச்சைக்கு மேல கரும்பச்சைப் பருக்கள். முதல் வெளிர் நிறம் பூசிக் காயவிட்டு, பிறகு ஸ்பொஞ்சால கரும்பச்சையை ஒத்தி ஒத்தி எடுங்கோ, இழுக்க வேண்டாம்.

பக்கத்தில தீக்கோழி முட்டையும் வைக்கிறதெண்டா அது பாலாடை நிறம், 15 சென்ரிமீற்றர், நல்லா உருண்டை. ரெண்டுக்கும் ஒரே அளவு பலூன் ஊதாதேங்கோ.