லீவு லெட்டரில் மூன்று எக்ஸ்: இங்கிலீஷ் ஹோம்வொர்க் நோட்டில் மறக்க முடியாத ஒரு பக்கம்

இங்கிலீஷ் நோட்டில் மறக்க முடியாத பக்கம் எது என்ற கேள்விக்கு ஆசிரியர்களும் ஒரு அம்மாவும் புனைபெயரில் எழுதிய பதில்கள் இவை.

சிவப்பு மை

பத்தாம் வகுப்புப் பையன், மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் லீவு லெட்டரோடு வந்தான். கோடு போட்ட தாள், மார்ஜின், "ஃப்ரம்", "டு", எல்லாம் அதனதன் இடத்தில். ஆனால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ் எக்ஸ் எக்ஸ். ஊர் இருக்க வேண்டிய இடத்தில் ஒய் ஒய் ஒய். கீழே "யுவர்ஸ் ஒபீடியன்ட்லி", மறுபடி மூன்று எக்ஸ். அதற்குப் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து. தாள் முழுக்க நிஜமாக இருந்தது அது ஒன்றுதான். கையில் நேராகக் கொடுக்கும் லெட்டருக்கு அடியில் கட்டம் போட்டு உறை மேல் முகவரி வேறு!

எக்ஸை அடித்துவிட்டுப் பெயரை எழுது என்றதும் அவன் கேட்டது: "மார்க் குறையாதா சார்?"

விடைத்தாளில் யார் எழுதியது என்று தெரியக்கூடாது என்பதால் வந்த ஏற்பாடு இந்த எக்ஸும் ஒய்யும். எட்டாம் வகுப்பிலேயே பழக்கிவிடுகிறோம். ஹோம்வொர்க் லெட்டரில் சொந்தப் பெயர், தெரு, பின்கோடு, அன்றைய தேதி என்றே வருஷம் முழுக்க எழுத வைத்துவிட்டு, ரிவிஷன் டெஸ்ட் வரும்போது மட்டும் எக்ஸுக்கு மாற்றினால் போதும். மாற்றுவதற்கு ஒரு வகுப்பு போதும். முன்னாலேயே பழக்கிவிட்டால் ஃபார்மில் தன் முகவரியை எழுதத் தெரியாமலே பிள்ளை வெளியே போகும்.

நாலுகோடு

சார், எக்ஸாவது பரவாயில்லை. ஏழாம் வகுப்பு நோட்டில் ஒரு வரி: "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் டெம்பிள் ஃபெஸ்டிவல்." கோயில் திருவிழாவால் அவதிப்படுகிறாளாம்.

சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம்" என்பது ஐந்து சொல் இல்லை, ஒரே சொல். "லீவு வேண்டும், காரணம்:" என்பதற்கான இங்கிலீஷ் அதுதான் என்று நினைத்திருக்கிறாள். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று யாரும் காட்டவில்லை. ஃபீவரை எடுத்துவிட்டுத் திருவிழாவை வைத்தாள், அவ்வளவுதான்.

லெட்டரை போர்டில் எழுதும்போது மாறும் சொற்களைச் சுற்றிக் கலர் சாக்கில் கட்டம் போடுங்கள். காரணத்தை மூன்று சாதியாகப் பிரித்துவிடுங்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் (காய்ச்சல், வயிற்றுவலி, அம்மை) "சஃபரிங் ஃப்ரம்". வீட்டில் விசேஷம் என்றால் "தேர் இஸ் எ ஃபங்ஷன் அட் ஹோம்". எங்காவது போகவேண்டும் என்றால் "ஐ ஹாவ் டு கோ டு". நோட்டில் எழுத விடுவதற்கு முன்னால் பத்துக் காரணத்தை வாயால் சொல்லி, எந்தச் சாதி என்று கேளுங்கள். காது குத்து, பல்வலி, தாத்தா செத்துட்டாங்க, ஆதார் எடுக்கணும். ஆதாரை எங்கே போடுவது என்று வகுப்பே சண்டை போடும், அங்கேதான் பாடம் ஏறும்.

ஹால் டிக்கெட்

நல்லாத்தான் இருக்கு கேட்க. ஆனா ரெண்டு பேரும் பப்ளிக் எக்ஸாமை மறந்துட்டுப் பேசறீங்க.

தமிழ்நாட்டு ஸ்டேட் போர்டுல பத்தாவது இங்கிலீஷ் 100 மார்க், ஒரே பேப்பர். 1 மார்க் 14, 2 மார்க் 10, 5 மார்க் 10, 8 மார்க் 2. 5 மார்க் கேள்விக்கான 50 மார்க்கில் ரைட்டிங் ஸ்கில் மட்டும் 4 கேள்வி, 20 மார்க். லெட்டர், விளம்பரம், நோட்டீஸ், படம் பார்த்து எழுதறது எல்லாம் அதுக்குள்ள. பாஸுக்கு 35. டிசம்பர்ல 22 எடுக்கற பிள்ளைக்கு 35-க்கு வழி அந்த 20-லதான் இருக்கு, ப்ரோஸ் பாராகிராஃப்ல இல்ல. அவனுக்கு அச்சு வேணும், அதாவது எந்தக் கேள்விக்கும் பொருந்தற ரெடிமேட் பதில். அதை மனப்பாடம் பண்ணி அப்படியே எழுதினா ஏதோ மார்க் விழும். காரணத்தை சாதி பிரிச்சுட்டு உட்கார அவனுக்கு நேரம் ஏது?

அச்சுல ஒரே ஒரு இடம்தான் எனக்கு எரிச்சல். படம் பார்த்து எழுதற கேள்வி. ஏறக்குறைய அஞ்சு வாக்கியம் எழுதணும். ஒரு ரிவிஷன் பேப்பர்ல படம்: சாலை ஓரத்துல மரம் நடற பிள்ளைங்க. பதில்: "திஸ் இஸ் எ பிக்சர். திஸ் பிக்சர் இஸ் வெரி நைஸ். ஐ லைக் திஸ் பிக்சர் வெரி மச்." இந்த மூணு வாக்கியமும் விபத்துப் படத்துக்கும் பொருந்தும்! நாலாவது வாக்கியம் "ட்ரீ". அவ்வளவுதான். அஞ்சாவது இல்லை.

இதுக்கும் அச்சுதான் மருந்து, ஆனா வேற அச்சு. யாரு, எத்தனை பேர், எங்க, என்ன செய்யறாங்க, பார்த்தா நமக்கு என்ன தோணுது. அஞ்சு கேள்விக்கு அஞ்சு வாக்கியம். வினைச்சொல் எல்லாம் "இங்" போட்டது: "ஆர் பிளான்டிங்", "இஸ் ஹோல்டிங்". மெல்லக் கற்கும் பிள்ளைங்க "ஆர்"-ஐ விட்டுட்டு "சில்ட்ரன் பிளான்டிங்"னு எழுதுவாங்க. அதனால வினைச்சொல்லைத் தனியா சொல்லிக்கொடுக்காம "ஆர் பிளான்டிங்"கை ஜோடியாவே டிக்டேஷன் போடணும். தினம் 5 ஜோடி, ரெண்டு வாரம்.

சிவப்பு மை

ஹால் டிக்கெட் சார், நீங்கள் திட்டும் "திஸ் பிக்சர் இஸ் வெரி நைஸ்" எங்கிருந்து வந்தது? அதுவும் யாரோ 35 மார்க்குக்காகக் கொடுத்த அச்சுதானே?

வடக்கு தெற்கு

சண்டைக்கு நடுவில் 2 மார்க் கேள்வி ஒன்று. வரைபடம் பார்த்து வழி சொல்வது. இதை யாரும் ஹோம்வொர்க்காகவே கொடுப்பதில்லை.

ஒரு பெண், ஸ்பெல்லிங் ஒன்றுகூடத் தப்பில்லை, இரண்டு மார்க்கும் போயிற்று. வழி சொன்னபடி நடந்தால் போஸ்ட் ஆபீஸுக்குப் பதில் குளத்துக்குள் இறங்க வேண்டும். தாளில் மேலே பார்த்து நடக்கும் வரைக்கும் தாளின் இடதும் நடப்பவரின் இடதும் ஒன்றுதான். தெரு கீழ்நோக்கித் திரும்பியதும் தலைகீழாகிவிடும். தாளில் வலப்பக்கம் இருக்கும் கடை, நடப்பவருக்கு இடப்பக்கம். அவள் தாளின் வலதைப் பார்த்து "டர்ன் ரைட்" என்று எழுதிவிட்டாள். இங்கிலீஷ் தப்பே இல்லை, திசை தப்பு.

கேள்வித்தாளைத் திருப்பச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் நடக்கிறோமோ அந்தப் பக்கம் மேலே வரும்படி. சில பள்ளிகளில் தாளைத் திருப்பினாலே ஹாலில் இருப்பவர் முறைப்பார், காப்பி என்று நினைத்து. தாளைத் திருப்ப முடியாவிட்டால் பென்சிலைத் தெருவில் வைத்து, முனையை நடக்கும் பக்கம் நோக்கித் திருப்பிக்கொண்டே போகலாம். வீட்டுப்பாடமாகக் கொடுப்பதென்றால் அவரவர் வீட்டிலிருந்து ரேஷன் கடைக்கு வழி. நாலே வாக்கியம்: "கோ ஸ்ட்ரெய்ட்", "டர்ன் லெஃப்ட்", "இட் இஸ் நெக்ஸ்ட் டு", "இட் இஸ் ஆப்போசிட்". "ஆப்போசிட்" வந்தால் பின்னால் "டு" போடத் தேவையில்லை. "எதிரே" என்பதை "கு" உருபோடு சொல்லிப் பழகிய வாய், "டு"வை இழுத்து வந்துவிடும்.

ஒரு அம்மா

ஆசிரியர்கள் மன்னிக்கணும். என் கண்ணுல நிக்கற பக்கம் வேற. காம்போசிஷன் நோட்டு, எட்டாவது. "எஸ்டர்டே ஐ டிட் நாட் வென்ட் டு ஸ்கூல்." அதுக்கு மேல பெரிசா ஒரு ரைட், இனிஷியல், தேதி. அடுத்த பக்கத்துல "ஹி டிட் நாட் கேம்." அதுக்கும் ரைட். பிள்ளை சரின்னுதானே நினைப்பான்? நோட்டைத் திருத்தலைன்னா திருத்தலைன்னு விட்டுடலாமே, ரைட் எதுக்கு?

நாலுகோடு

அம்மா, நீங்கள் கேட்பது நியாயம். அந்த ரைட்டுக்கு "பார்த்தேன்" என்று அர்த்தம், "சரி" என்று இல்லை. இரண்டுக்கும் ஒரே குறி போடுவதுதான் வினை.

கணக்கைப் பாருங்கள். 40 நோட்டு, பக்கத்துக்கு 4 நிமிடம், 160 நிமிடம். அதாவது 40 நிமிட பீரியட் நான்கு, ஒரே ஒரு பாராவுக்கு. இப்படி இரண்டு மூன்று வகுப்பு இருக்கும். அதனால்தான் கை தானாக ரைட் போடுகிறது. முழுசாகத் திருத்திக் கொடுத்தாலும் பக்கம் சிவப்பாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் பிள்ளை நோட்டை மூடி வைத்துவிடும். நடக்கக்கூடிய வழி: ஒரு வாரத்துக்கு ஒரே வகைத் தப்பு. இந்த வாரம் "டிட்"டுக்குப் பின்னால் வரும் வினைச்சொல் மட்டும். அதன் கீழே கோடு, மார்ஜினில் ஒரு புள்ளி. சரியான விடையை எழுதிக் கொடுக்கக்கூடாது. கோடு மட்டும் போட்டால் ஒரு நோட்டுக்கு ஒரு நிமிடம்தான் ஆகும், நாற்பதும் ஒரே பீரியடில் முடியும். புள்ளி வைத்த வரியைப் பிள்ளை பக்கத்தின் அடியில் திருத்தி எழுத வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் ரைட். மற்ற தப்புகளை அந்த வாரம் கண்டும் காணாமல் விட வேண்டும், இதுதான் ரொம்பக் கஷ்டம்.

"டிட் நாட் வென்ட்"டுக்குத் தமிழே கை கொடுக்கும். "போனேன்" என்பதில் இறந்தகாலம் உள்ளேயே இருக்கிறது. "போகவில்லை" என்றால்? "போக" என்பதில் காலம் இல்லை. "போனவில்லை" என்று எந்தப் பிள்ளையாவது சொல்லுமா? "டிட் நாட்" வந்ததும் "கோ"வும் அப்படித்தான் வெறுமனே நிற்கும். "டிட் நாட் வென்ட்" என்றால் "போனவில்லை" என்று அர்த்தம் என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், வகுப்பு சிரிக்கும். அப்புறம் யாராவது எழுதினால் பக்கத்து பெஞ்சே "போனவில்லை"ன்னு கத்தும். இம்போசிஷன் 50 தடவை கொடுத்தால் வராது. இருபதாவது வரிக்கு மேல் கைதான் எழுதும்: எல்லா "ஐ"யும் முதலில், அப்புறம் எல்லா "டிட்"டும், நெடுக்காக.

கடைசி பெஞ்ச்

நெடுக்காக எழுதறது, ஆமாம்! ரெண்டு பேனாவை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி ரெண்டு வரியா எழுதின நோட்டும் உண்டு.

நான் சொல்ல வந்தது "மை வில்லேஜ்". ஆறு நோட்டு, ஆறுலயும் ஊருக்குப் பக்கத்துல ஆறு ஓடுது. அந்த ஊர்ல ஆறே கிடையாது, போர்வெல்தான். கைடுல இருந்த ஆறு. இப்ப கைடு போய் சாட்ஜிபிடி வந்திருக்கு, அதுல ஆறு மட்டும் இல்ல, பறவைகள் பாடுது, காற்று கிசுகிசுக்குது. போன வாரம் "ஹி கோ" எழுதின பிள்ளை இந்த வாரம் அப்படி எழுதினா கண்டுபிடிக்கவே வேண்டாம், தானே தெரியும்.

திட்டிப் பிரயோஜனம் இல்ல. கட்டுரையை வீட்டுக்கு முழுசா அனுப்பறதுதான் தப்பு. வகுப்புல கடைசி 10 நிமிஷம், நோட்டுல ஆறு குறிப்பு, தமிழ்லயே எழுதலாம்: ஊருக்கு வர்ற பஸ் நம்பர், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, டீக்கடை எங்க, தண்ணி எப்படி வருது, எந்த மாசம் திருவிழா, ஊர்ல பிடிக்காதது ஒண்ணு. அதுல டீச்சர் கையெழுத்து. வீட்டுல அந்த ஆறு குறிப்பையும் ஆறு வாக்கியமாக்கணும். செல்போன்ல கேட்டே எழுதினாலும் குறிப்பு அவனோடது, ஊரும் அவனோட ஊர். பிடிக்காததுங்கற வரியில மட்டும் நல்ல இங்கிலீஷ் வரும், கவனிச்சுப் பாருங்க, கோபத்துல வார்த்தை தேடுவாங்க.

ஹால் டிக்கெட்

தமிழ்ல குறிப்பு எழுத விட்டா அப்படியே வார்த்தைக்கு வார்த்தை மாத்துவான். "எனக்குக் காய்ச்சல்" "டு மீ ஃபீவர்" ஆகும்.

கடைசி பெஞ்ச்

ஆகட்டும் சார். "டு மீ ஃபீவர்"னு எழுதினா "ஐ ஹாவ்"னு ஒரு நிமிஷத்துல திருத்தலாம். இல்லாத ஆற்றை எப்படித் திருத்தறது?

பாம்பு

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் ஸ்பெல்லிங் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பு, "மை ஃபேமிலி". அண்ணனைப் பற்றி எழுதும்போது "பெரிய பையன்" என்று சொல்ல வந்தவள், முதல் எழுத்தை மாற்றிப் போட்டு அவனைப் பன்றி ஆக்கிவிட்டாள். அதே பக்கத்தில் பஸ்ஸில் சீழ் வழிகிறது. கவனக்குறைவு என்று கீழே எழுதியிருந்தார்கள். இல்லை. தமிழில் இரண்டு ஒலிக்கும் ஒரே ப. ஒலி வேறு என்று காதுக்குத் தெரியும், எழுத்து வேறு என்று கைக்குத் தெரியாது.

"பாம்பு" என்று சொல்லச் சொல்லுங்கள். தொண்டையில் இரண்டு விரல். முதல் ப-வில் அதிர்வு இல்லை, ம்-முக்குப் பின்னால் வரும் ப-வில் அதிர்வு தொடரும். முதல் ப பேனாவின் எழுத்து, இரண்டாவது ப பஸ்ஸின் எழுத்து. அதேபோல "பம்பரம்", "பம்பு". ஒரு வாரம் டிக்டேஷனில் ஜோடி ஜோடியாக மட்டும்: பேனா, பென்ச், பேக் (கட்டுவது), பேக் (தோளில் மாட்டுவது), பின், பின் (குப்பைத் தொட்டி). தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது பாருங்கள், பிள்ளைக்கும் அதே கதிதான். டிக்டேஷன் சொல்லும் டீச்சர் வாயை நோட்டால் மறைத்துக்கொண்டு சொல்ல வேண்டாம், முகம் தெரியட்டும். ட-வுக்கும் க-வுக்கும் இதே சிக்கல் உண்டு, "வண்டி", "கங்கணம்" வைத்துப் பாருங்கள். ஆனால் ஒரே வாரத்தில் மூன்றையும் எடுக்காதீர்கள், குழம்பிப்போய் பேனாவும் தப்பாகும்.