ஒரே ஹோட்டல் அறையில் ஒரு மாதம்: உங்கள் அனுபவங்கள்

பயணப்பை
ராத்திரி பதினொன்றரை. கதவில் கார்டை வைத்தால் பச்சைக்குப் பதில் சிவப்பு. காலையில்தான் அலுவலகம் இன்னும் இரண்டு வாரம் நீட்டித்திருந்தது, ரிசப்ஷன் கம்ப்யூட்டரிலும் தேதி மாறியிருந்தது. கார்டில் மட்டும் மாறவில்லை. இந்த மாதிரிப் பூட்டுகள் பெரும்பாலும் ரிசப்ஷனோடு இணைப்பில் இருக்காது. உள்ளே இருக்கும் ஏஏ பேட்டரியில் தனியாக ஓடும், கார்டில் எழுதியிருக்கும் கடைசி நாளையும் நேரத்தையும் மட்டுமே பார்க்கும். தங்கும் நாளை நீட்டித்தால் கார்டையும் அன்றே கொடுத்துத் திரும்ப எழுதி வாங்கிவிடுங்கள்.

தெற்குக்காற்று
தேதி எல்லாம் இருக்காதுங்க. போனோட ஒரே பாக்கெட்ல வெச்சிருப்பீங்க. காந்தம் பட்டு கார்டு அழிஞ்சிருக்கும்.

மின்மினி
தெற்குக்காற்று சொல்வது கறுப்புப் பட்டை இருக்கும் பழைய கார்டுக்குச் சரி. போன் கவரில் இருக்கும் காந்தமே அதைக் கெடுத்துவிடும். தொட்டாலே திறக்கிற கார்டில் இருப்பது சிப்பும் சுருள் கம்பியும். அதைக் காந்தம் ஒன்றும் செய்யாது.

இன்னொரு காரணத்தை யாரும் சொல்லவில்லை. இரண்டாவது கார்டு கேட்கும்போது ரிசப்ஷனில் 'டூப்ளிகேட்' போடாமல் 'புது கார்டு' போட்டுவிட்டால், அந்தப் புதுக் கார்டு கதவில் பட்ட நொடியே பழைய கார்டு செத்துவிடும். புது விருந்தாளி வந்துவிட்டார் என்று பூட்டு எடுத்துக்கொள்ளும். முந்தைய ஆள் திரும்ப வந்து திறக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அறையில் இரண்டு பேர் இருந்தால் இன்னொருவர் வெளியே மாட்டிக்கொள்வார். அதனால் 'இதே கார்டுக்கு டூப்ளிகேட்' என்று வாய்விட்டுக் கேளுங்கள். உள்தாழ்ப்பாள் போட்டிருந்தாலும் சாதாரண கார்டு திறக்காது.

கணக்குப்பிள்ளை
கதவு பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும். உங்கள் வங்கிக் கார்டில் ஹோட்டல் பிடித்து வைக்கிற பணம் அப்படியல்ல. அறை வாடகையைக் கம்பெனி கட்டினாலும், லாண்டரி மாதிரி மேற்செலவுக்காக உங்கள் சொந்தக் கார்டைக் கேட்பார்கள். கிரெடிட் கார்டு என்றால் வரம்புதான் குறையும். டெபிட் கார்டில் உங்கள் பணமே முடங்கும், நாள் நீள நீள அந்தத் தொகையும் ஏறிக்கொண்டே போகும். கடைசி நாள் வேறு கார்டில் பில் கட்டினால் இன்னும் மோசம். முதல் கார்டில் பிடித்தது உடனே விடுபடாது, ஹோட்டல் விடுவித்தாலும் வங்கி சில நாள் எடுத்துக்கொள்ளும். எந்தக் கார்டைக் கொடுத்தீர்களோ அதிலேயே முடியுங்கள்.

உள்ளே நுழையும் அன்றே பில்லை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: வாடகையும் வரியும் கம்பெனி பெயரில் ஒன்று, மற்றவை உங்கள் பெயரில் ஒன்று. வாரம் ஒரு இடைக்கால பில் வாங்கி வரிவரியாகப் பாருங்கள். குடிக்காத மினிபார் பாட்டிலை மூன்றாம் நாளில் எடுத்துச் சொன்னால் உடனே நீக்குவார்கள். முப்பதாம் நாளில் சொன்னால் வாக்குவாதம்தான்.

வாசற்படி
இன்சுலின் வைத்திருப்பவர்களுக்காக இது. மினிபாருக்குள் வைத்த தெர்மாமீட்டர் காலையில் 14 டிகிரி காட்டியது. திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சத்தமே போடாத அந்தச் சின்னப் பெட்டிகள் பலவற்றில் கம்ப்ரஸர் கிடையாது. பின்பக்கச் சூடு வெளியேற வழியில்லாமல் மர அலமாரிக்குள் அடைத்திருந்தால் உள்ளே குளிரவே குளிராது. சில அறைகளில் கதவருகே செருகிய கார்டை உருவினால் ஃபிரிட்ஜும் சேர்ந்து அணைந்துவிடும். முதல் ராத்திரி ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு உள்ளே வைத்துப் பாருங்கள். சரியில்லை என்றால் மருந்துக்கு என்று சொல்லி வேறு ஃபிரிட்ஜ் கேளுங்கள். குளிர்த்தகட்டை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலினைத் தூக்கித்தான் போட வேண்டும்.

தெற்குக்காற்று
ஃபிரிட்ஜை விடுங்க, ஏசியைப் பத்தி யாருமே பேசலையே. நடுராத்திரி மூணு மணிக்குத் தானா நிக்குதுன்னா அது ரிப்பேர் இல்ல. சுவர்ல இருக்கிற சென்சார் ஆள் அசைவைப் பார்க்கும். நீங்க அசையாம தூங்கினா அறை காலின்னு நினைச்சு குளிரைக் குறைச்சிடும். சென்சார் கட்டிலைப் பார்த்து இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா இன்ஜினியரிங் ஆளைக் கூப்பிட்டு அந்தச் செட்டிங்கை எடுக்கச் சொல்லுங்க. குளிர்காலத்துல 16 வெச்சும் குளிரலைன்னா அதுக்குக் காரணம் வேற. சில கட்டடத்துல குளிர்நீருக்கும் வெந்நீருக்கும் ஒரே குழாய்தான், சீசன் பார்த்துக் கட்டடம் முழுசுக்கும் சேர்த்து மாத்துவாங்க. அறை மாத்தினாலும் பிரயோஜனம் இல்ல. மக்கின வாடை வந்தா ஃபில்டரைக் கழுவச் சொல்லுங்க. தண்ணி சொட்டினா வடிகால் குழாய் அடைச்சிருக்கு, அன்னிக்கே சொல்லிடுங்க, ரெண்டு நாள் விட்டா கார்பெட் ஊறிப்போய் நாறும்.

பயணப்பை
மின்மினி சொன்னதுதான் சரி, தொட்டுத் திறக்கிற கார்டுதான் அது. திரும்ப எழுதியதும் திறந்துவிட்டது. பில்லைப் பிரிக்க இன்று சொல்லியாயிற்று.