கொழிஞ்சாம்பாறையில் பார்த்த இரட்டை இருக்கைக் கார்: இதை எந்த வண்டி என்று சொல்வது?

சித்தூர்_கிழக்கு எழுதியது:

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு நெல் ஆலையின் களத்தில், கேரள-தமிழ்நாடு எல்லைக்கு இருபுறமும் பழைய கார் வைத்திருப்பவர்கள் இருபது பேர் போலக் கூடினோம். விழா என்றெல்லாம் சொல்ல முடியாது. பொள்ளாச்சிக்காரர்கள் கோபாலபுரம் வழியாக வருவார்கள். பாலக்காட்டிலிருந்தும் கொல்லங்கோட்டிலிருந்தும் சிலர் வருவார்கள். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு டீ குடித்துப் பேசிவிட்டு, வெயில் ஏறுமுன் கலைந்துவிடுவோம். எப்போதும் பத்மினி, அம்பாசடர், வில்லிஸ் ஜீப் ஆகியவைதான் வரும். இம்முறை கிளம்பும் நேரத்தில், கடலைக் கிடங்கிலிருந்து நேரே எடுத்து வந்ததுபோல் தூசி படிந்த, கூரையில்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு வண்டி வந்து நின்றது.

முகத்தைப் பார்த்தால் எம்.ஜி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் போல இருக்கிறது. உடல் முழுவதும் கையால் தட்டிய அலுமினியத் தகடு. சாய்வெயிலில் பார்த்தால் சுத்தியல் விழுந்த இடங்கள் வரிசையாகத் தெரிகின்றன. எங்கும் பெயர்ப்பட்டை இல்லை. பானெட்டைத் தூக்கியபோது மட்கார்டுகளோடு முன்பக்கம் முழுவதுமே முன்னோக்கிச் சாய்ந்தது. உள்ளே இருப்பது ஃபியட் என்ஜின். ஆர்.சி. புத்தகத்திலோ 1964-ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று எழுதியிருக்கிறது. முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை டேப் பிடித்துப் பார்த்தேன். 7 அடி 7½ அங்குலம் வந்தது.

உரிமையாளர் எழுபதைத் தாண்டிய பெரியவர். காலமான தம் அண்ணன் இதைக் கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் கட்டச் செய்தார் என்றும், சோழவரம் கார் பந்தயத்தில் ஒருமுறை ஓட்டினார் என்றும் சொன்னார். அந்தப் பட்டறை இப்போது இல்லை. அவருடைய மருமகன், உடலில் உள்ள நெளிவுகளையெல்லாம் பட்டி வைத்து நிரப்பி, சிவப்பு அடித்து, எம்.ஜி. சின்னம் பொருத்தி, முழு எம்.ஜி.யாகவே ஆக்கிவிடலாம் என்று ஒரு பட்டறையில் விலை பேசியிருக்கிறார். பெரியவர் என்னிடம், "தம்பி, நீங்களே விசாரித்துச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். இது உண்மையில் என்ன வண்டி? நான் அவரிடம் என்ன சொல்வது?

பட்டறை_நிழல் எழுதியது:

ஐயா, நீங்கள் டேப் பிடித்த அன்றே பாதி விடை கிடைத்துவிட்டது. 7 அடி 7½ அங்குலம் என்பது ஹெரால்டின் அளவு. ஃபியட் 1100-க்கும் கிட்டத்தட்ட இதே நீளம்தான். அரை அங்குலம் சற்றே கூடும். ஆகவே அளவை மட்டும் நம்பாதீர்கள். ஆனால் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் சாய்வது ஹெரால்டின் குணம். சக்கரத்தையும் பாருங்கள்: ஹெரால்டுக்கு 13 அங்குலம், ஃபியட்டுக்கு 14.

பொள்ளாச்சியில் முப்பது ஆண்டுகள் இந்த இரண்டு வண்டிகளோடும் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஃபியட்டில் உடலே சட்டம்; மேலே இருப்பதை வெட்டினால் கீழே ஒன்றும் மிஞ்சாது. ஹெரால்டு அப்படியல்ல. 1959-இல் அது இங்கிலாந்தில் வெளிவந்தபோது, முழு உடலையும் ஒரே இடத்தில் அழுத்தித் தரும் ஆலை அதைச் செய்த ஸ்டாண்டர்டு-டிரயம்ஃப் நிறுவனத்துக்கு வாய்க்காததால், தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) ஒன்றின்மீது உடலைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு இறுக்கும்படி வடிவமைத்தார்கள். அந்தச் சங்கடமே பிற்பாடு கைவேலைக்காரர்களுக்கு வரமாகிவிட்டது. போல்ட்டுகளைக் கழற்றினால் என்ஜின், ஸ்டியரிங், பிரேக் எல்லாவற்றோடும் ஓடக்கூடிய சேசிஸ் தனியே நிற்கும். அதன்மேல் எந்த உடலை வேண்டுமானாலும் கட்டலாம். 1962-இல் வந்த டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார்கூட இதே சேசிஸைக் குறுக்கிச் செய்ததுதான். வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் ஹெரால்டைச் செய்து வந்ததால், நம் ஊரில் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆசைப்பட்டவர்களுக்குக் கைக்கெட்டிய சேசிஸ் அதுதான். வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்வது அந்தக் காலத்தில் ஏறக்குறைய நடக்காத காரியம்.

என்ஜினை ஏன் மாற்றினார்கள் என்பதும் புரிகிறது. ஹெரால்டு என்ஜின் 948 சி.சி.; ஃபியட் என்ஜின் 1089 சி.சி., உதிரிபாகமும் தெருவுக்குத் தெரு கிடைக்கும். ஆனால் ஒன்றின் என்ஜின் மற்றதன் கியர்பாக்ஸோடு நேராகப் பொருந்தாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தகட்டைக் கடைந்து வைத்திருக்க வேண்டும். மில் இயந்திரத்துக்கும் பம்புக்கும் லேத் ஓட்டிப் பழகிய கோயம்புத்தூரில் அது பெரிய வேலையாக இருந்திருக்காது. அந்தத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வண்டியின் உண்மையான கையெழுத்து அதுவே.

பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கியும் பாருங்கள். அந்த ஆண்டு ஹெரால்டில் பின்சக்கரங்களுக்குக் குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங்தான் உண்டு. வண்டியைத் தூக்கினால் இரண்டு சக்கரங்களின் அடியும் உள்நோக்கி மடங்கும். பார்க்கக் கொஞ்சம் பயமாக இருக்கும், பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

மருமகனிடம் மட்டும் பட்டி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சந்தையில் எம்.ஜி.யைத் தேடுகிறவர் எம்.ஜி.யை வாங்குவார், எம்.ஜி. வேடம் போட்ட ஹெரால்டை ஏன் வாங்குவார்?

சோழவரம்_வடக்கு எழுதியது:

நான் ஆந்திர எல்லையோரம், கும்மிடிப்பூண்டிப் பக்கம் இருப்பவன். பள்ளி நாட்களில் மாமாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து சோழவரம் பந்தயத்துக்குப் போயிருக்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் அங்கே பந்தயம் நடத்தியது, 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தபின் பந்தயம் அங்கே போய்விட்டது. வீட்டுப் பட்டறையில் கட்டிய வண்டிகள் அங்கே ஓடியது உண்மைதான்.

ஆனாலும் "சோழவரத்தில் ஓடியது" என்ற பேச்சை எச்சரிக்கையோடு கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் இன்றிருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் அனைத்துமே சோழவரத்தில் ஓடியவை என்று உரிமையாளர்கள் சொல்வார்கள். அவ்வளவு வண்டிகள் ஓடியிருந்தால் அந்த ஓடுதளம் தாங்கியிருக்காது. பெரியவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அண்ணன் சொன்னதைத் தம்பி நம்பியிருக்கலாம். இருக்கைக்குப் பின்னால், வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைகுழாய் பொருத்திய துளைகளோ, பெல்ட் மாட்டிய கொக்கியோ, கதவில் எண் எழுதிய வட்டத்தின் தடமோ உள்ளனவா என்று பாருங்கள். வீட்டு ஆல்பத்தில் ஒரு புகைப்படம் கிடைத்தால் அதற்கு மேல் சாட்சி வேண்டாம். எதுவும் கிடைக்காவிட்டால் அந்தப் பேச்சைக் குடும்பக் கதையாகவே வைத்துக்கொள்ளலாம். அதனால் வண்டியின் மதிப்பு குறைந்துவிடாது.

ஆர்சி_புத்தகம் எழுதியது:

காகிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதிந்து, "வி.ஏ." எழுத்துள்ள எண் வாங்கலாம். ஆனால் சேசிஸ், உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இந்த வண்டியில் உடலும் என்ஜினும் மாறியிருப்பதால் அந்த வழி எளிதாகத் திறக்காது. மேலும், வண்டியின் மூல அமைப்பை மாற்றுவது குறித்துக் கேரள உயர் நீதிமன்றம் காட்டிய தளர்வை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் ரத்து செய்துவிட்டது. அதன்பின் அலுவலர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைக் கண்டிப்போடுதான் பார்க்கிறார்கள்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அறுபதுகளில் செய்த மாற்றம் அன்றே ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா? உடல் வகை என்ற இடத்திலும் என்ஜின் எண் என்ற இடத்திலும் அடித்துத் திருத்திய மையும் முத்திரையும் உள்ளனவா? ஏறியிருந்தால் பெரியவருக்குப் பேச இடமுண்டு. இல்லாவிட்டால், இனிமேல் எம்.ஜி. ஆக்குவது ஏற்கெனவே உள்ள சிக்கலின்மேல் இன்னொரு சிக்கலை வைப்பதாகும்.

சித்தூர்_கிழக்கு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று பெரியவரின் தோட்டத்துக்குப் போய், கிடங்கு வாசலில் வண்டியை நிறுத்தி, நீங்கள் சொன்னவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

சக்கரம் 13 அங்குலம். ஜாக்கி வைத்ததும் பின்சக்கரங்கள் இரண்டும் உட்கார வரும் கோழியின் கால்போல மடங்கின. காந்தத்தை உடல் முழுவதும் வைத்துப் பார்த்தேன். கண்ணாடிச் சட்டத்துக்குக் கீழுள்ள பகுதியில் மட்டும் ஒட்டியது. அதாவது ஹெரால்டின் அந்த இரும்புத் துண்டை அப்படியே வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் அலுமினியம் கட்டியிருக்கிறார்கள். இரும்பும் அலுமினியமும் சேரும் இடங்களில் கம்பளித் துண்டு வைத்திருக்கிறார்கள். துண்டு நைந்துபோன இரண்டு இடங்களில் மட்டும் தகடு வெள்ளைப் பொடியாக உதிர்கிறது.

என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் அந்தத் தகடு இருக்கிறது. ஏறத்தாழ ஓர் அங்குலத் தடிமன். விளிம்பில் அரம் ஓடிய கோடுகள் இன்னும் மழுங்கவில்லை. ஒரு துளையைத் தவறான இடத்தில் போட்டுவிட்டு, அதை அடைத்து, கால் அங்குலம் தள்ளி மறுபடி போட்டிருக்கிறார்கள். பெரியவர் டார்ச்சை அதன்மேல் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

ஆர்.சி.யில் என்ஜின் எண் சிவப்பு மையில் திருத்தப்பட்டு, முத்திரையும் இருக்கிறது. உடல் வகை என்ற இடத்தில் திருத்தம் எதுவும் இல்லை; அதை அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். வளைகுழாய்க்கான துளைகள் இல்லை. ஆல்பத்தில் வண்டியின் படங்கள் மூன்று கிடைத்தன. மூன்றும் மலம்புழை அணைக்கட்டில் எடுத்தவை.

எம்.ஜி. சின்னம் வாங்க மருமகன் கொடுத்திருந்த முன்பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். முதலில் பிரேக்கைச் சரிசெய்ய வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. பின்பக்கம் இடதுபுறம் எண்ணெய் கசிகிறது. பட்டறை_நிழல் ஐயா, ஹெரால்டின் பின்சக்கர சிலிண்டருக்கான வாஷர் செட் பொள்ளாச்சியில் இப்போதும் கிடைக்குமா?